டெட்ராய்ட்டின் வேலைகளைத் தொலைத்தது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினால், மிச்சிகன் மாநிலத்தில் கார்த் தொழிலுக்குப் பெயர்போன டெட்ராய்ட்டின் பெயர் தானாக மேடை ஏறிவிடும். ஒருவர் அந்த ஊரைக் காட்டி எதிர்க்கட்சியின் நகர நிர்வாகத்தைத் திட்டுவார். இன்னொருவர் அதே ஊரைக் காட்டி வர்த்தக ஒப்பந்தங்களைத் திட்டுவார். கேட்கிறவருக்கு இரண்டும் சரியாகத்தான் படும். அந்தக் குற்றச்சாட்டுகளை இங்கே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். பெரிய ஆராய்ச்சி வேண்டாம், ஒரு காலண்டர் போதும். அடி எப்போது விழுந்தது, அடித்ததாகச் சொல்லப்படுபவர் எப்போது வந்தார் என்ற இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்தாலே பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும்.

முதலில், டெட்ராய்ட் உண்மையில் எவ்வளவு இழந்தது?

1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரத்தில் 18,49,568 பேர் இருந்தார்கள். 2020-ல் 6,39,111 பேர். மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. நடுவில் 2013 ஜூலை 18 அன்று நகரமே திவால் மனு கொடுத்தது. அதுவரை எந்த அமெரிக்க நகரமும் அவ்வளவு பெரிய கடனோடு நீதிமன்றப் படி ஏறியதில்லை. கடன் சுமார் 1,800 கோடி டாலர்.

பலரும் தவறவிடும் இன்னொரு கணக்கு இருக்கிறது. நகரமும் அதன் புறநகர்களும் சேர்ந்த வேய்ன், ஓக்லண்ட், மக்கோம் என்ற மூன்று கவுண்டிகளை, அதாவது மாவட்டங்களை, பாருங்கள். 1970-ல் மொத்தம் சுமார் 42 லட்சம் பேர். 2020-ல் சுமார் 39 லட்சம். ஐம்பது ஆண்டுகளில் மூன்று கவுண்டிகளும் சேர்ந்து இழந்தது மூன்று லட்சத்துக்கும் குறைவு. அதே காலத்தில் டெட்ராய்ட் நகரம் மட்டும் எட்டரை லட்சத்துக்கு மேல் இழந்தது. அதாவது ஊர் முழுசாகக் காலியாகவில்லை. பெரும் பகுதி எட்டாவது மைல் சாலையைத் தாண்டி வடக்கே போய் உட்கார்ந்துகொண்டது. நகர எல்லை அங்கேதான் முடிகிறது, நகரத்துக்கு வர வேண்டிய வரியும் அங்கேயே நின்றுவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு வரும் சண்டைகள் எளிதாகப் புரியும்.

1967 கலவரத்தால்தானே எல்லாம் போச்சு?

அதிகம் சொல்லப்படும் கதை இதுதான், தேதி பார்த்தால் முதலில் விழுவதும் இதுதான்.

1967 ஜூலை 23 அதிகாலையில், உரிமம் இல்லாமல் நடந்த ஒரு மதுக்கூடத்தில் போலீஸ் நுழைந்ததில் கலவரம் தொடங்கியது. 43 பேர் இறந்தார்கள், ராணுவம் வந்தது. அதற்குப் பிறகு வெள்ளையர் குடும்பங்கள் வெளியேறும் வேகம் கூடியது உண்மை. ஆனால் 1947-லிருந்து 1963-க்குள்ளாகவே நகரம் சுமார் 1,34,000 உற்பத்தித் துறை வேலைகளை இழந்துவிட்டிருந்தது. ஹட்சன் கார் கம்பெனி 1954-ல் விஸ்கான்சினுக்குப் போனது. பேக்கர்ட் 1956-ல் டெட்ராய்ட்டில் உற்பத்தியை நிறுத்தியது. 1947-க்கும் 1958-க்கும் இடையில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற மூன்று பெரிய கார்க் கம்பெனிகளும் டெட்ராய்ட் வட்டாரத்தில் 25 புதிய தொழிற்சாலைகள் கட்டின. அத்தனையும் புறநகரில். நகரத்துக்குள் ஒன்றுகூட இல்லை.

காரணம் மர்மமானது அல்ல. பழைய பிளான்ட்கள் நாலைந்து மாடிக் கட்டடங்கள். புதிய அசெம்பிளி லைனுக்கு ஒரே தளத்தில் நீளமான இடம் வேண்டும், அது நகரத்துக்குள் கிடைக்காது. வெளியே நிலம் மலிவு, வரி குறைவு, அரசு போட்டுக்கொடுத்த விரைவுச்சாலை வாசலிலேயே வந்து நின்றது. நகரத்துக்குள் யூனியன் பலமாக இருந்ததும் கம்பெனிகளுக்கு ஒரு கணக்குதான்.

இதெல்லாம் நடந்த 1950-களின் பெரும்பகுதியில் மேயர் ஆல்பர்ட் கோபோ, குடியரசுக் கட்சிக்காரர். கவர்னர் மென்னன் வில்லியம்ஸ், ஜனநாயகக் கட்சி. ஜனாதிபதி ஐசன்ஹோவர், மறுபடி குடியரசுக் கட்சி. எந்தக் கட்சியைப் பிடித்துத் திட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

வேலை புறநகருக்குப் போனால் தொழிலாளியும் பின்னாலேயே போகலாமே?

வெள்ளையர் போனார்கள். கறுப்பினத்தவரைப் போக விடவில்லை. எனக்குத் தெரிந்து இந்தப் பழிப் பட்டியலிலேயே அரசின் கைரேகை மிகத் தெளிவாகப் பதிந்திருப்பது இங்கேதான். வேடிக்கை என்னவென்றால், தேர்தல் மேடையில் யாரும் வாயே திறக்காத விஷயமும் இதுதான்.

மத்திய அரசின் வீட்டுக்கடன் காப்பீட்டு அமைப்பு 1934-ல் வந்தது. கறுப்பினக் குடும்பங்கள் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று வரைபடத்தில் ஒதுக்கிவைத்து, அங்கே கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. 1941-ல் எட்டாவது மைல் சாலையருகே ஒரு கட்டுமானக்காரர் வெள்ளையருக்கான வீடுகள் கட்டப் போனார். பக்கத்தில் கறுப்பினத்தவர் குடியிருப்பு இருந்ததால் கடன் கிடைக்கவில்லை. நடுவில் ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குச் சுவர் ஒன்றை எழுப்பினார். கடன் கிடைத்துவிட்டது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. இப்போது அதன் ஒரு பகுதியில் ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள்.

வேலை சுவருக்கு அந்தப் பக்கம் நகர்ந்தது, வேலை தேடுகிறவர் இந்தப் பக்கம் நின்றார். சரியான பேருந்து வசதியும் இல்லை. இதற்குப் பிறகு நகர நிர்வாகம் எவ்வளவு திறமையாக இருந்திருந்தாலும் பிழைப்பு கடினம்தான்.

அறுபது ஆண்டுகள் ஒரே கட்சி ஆண்டது. அவர்களைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கடைசி மேயர் லூயி மிரியானி. 1962 தொடக்கத்தில் பதவி இழந்தார். (டெட்ராய்ட் மேயர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது, அது வேறு விஷயம்.) அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். ஆகவே அந்தக் கட்சிதான் ஊரைக் கெடுத்தது என்பது வாதம்.

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்ததா என்று பார்க்க எளிய வழி, இன்னொரு மரத்தைப் பார்ப்பது. பிட்ஸ்பர்கில் 1934-லிருந்து ஜனநாயகக் கட்சி மேயர்கள்தான். அங்கேயும் 1980-களில் உருக்கு ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன, மக்கள்தொகை பாதிக்கு மேல் குறைந்தது. ஆனாலும் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் கைகொடுக்க, அந்த நகரம் ஓரளவு எழுந்து உட்கார்ந்துவிட்டது. அதே கட்சி, அதே மாதிரி அடி, வேறு முடிவு. கட்சியின் பெயரை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

அதற்காக நகர நிர்வாகத்துக்குப் பங்கே இல்லை என்றும் ஆகிவிடாது. வேலை போனதற்கும், வேலை போன பிறகு ஊரை நடத்திய விதத்துக்கும் வேறுபாடு இருக்கிறது. முதலாவதில் மேயருக்கு வேலை குறைவு. இரண்டாவதில் நிறைய.

கோல்மன் யங் புறநகர்க்காரர்களை விரட்டிவிட்டார் என்கிறார்களே?

டெட்ராய்ட்டின் முதல் கறுப்பின மேயர் அவர். 1974 ஜனவரியில் பதவி ஏற்றார், 1994 வரை இருந்தார். பதவியேற்பு உரையில் ரவுடிகளை எட்டாவது மைல் சாலையைப் பார்த்துக் கிளம்பச் சொன்னார். 'ஊரை விட்டுப் போங்கள்' என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். புறநகர்க்காரர்களுக்கோ 'எங்கள் பக்கம் ஏவிவிடுகிறான்' என்று கேட்டது. அந்தக் கசப்பு இருபது ஆண்டும் தீரவில்லை. அவரும் தீர்க்க முயன்றதாகச் சொல்ல முடியாது.

ஆனால் தேதி? அவர் நாற்காலியில் உட்காருவதற்கு மூன்று மாதம் முன்பு, 1973 அக்டோபரில், அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெரிய கார்களை நம்பியிருந்த டெட்ராய்ட்டுக்கு அது நடுமண்டையில் விழுந்த அடி. எரிகிற வீட்டின் சாவி கைக்கு வந்த கதை.

அவர்மேல் நியாயமாக வைக்க வேண்டிய குற்றச்சாட்டு வேறு. 1980-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நகரத்துக்குள் ஒரு பிளான்ட் கட்டத் தயார் என்றது, 6,000 வேலை தருவதாகச் சொன்னது. நிலத்தைக் காலி செய்து கொடுப்பது நகரத்தின் பொறுப்பு. போல்டவுன் என்ற குடியிருப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது. போலந்திலிருந்து வந்தவர்களும் கறுப்பினத்தவரும் கலந்து வாழ்ந்த இடம், சுமார் 4,200 பேர். குடியிருந்தவர்கள் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள், தேவாலயங்கள் எல்லாம் இடிக்கப்பட்டன. யங் இதை முன்னின்று நடத்தினார். யூனியனும் ஆதரித்தது. 1985-ல் திறந்த அந்த பிளான்ட், சொன்ன 6,000-க்கு வெகு கீழேயே பல ஆண்டுகள் ஓடியது. 2004-ல் அதே நீதிமன்றம், தான் 1981-ல் கொடுத்த தீர்ப்பு தவறு என்று வேறொரு வழக்கில் மாற்றிக்கொண்டது. போல்டவுன்காரர்களுக்கு அதனால் ஒரு செங்கல்லும் திரும்பி வரவில்லை.

வேலை வேண்டும் என்ற பயத்தில் ஒரு மேயர் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு இதுவே சாட்சி. கம்பெனி கேட்ட விலை அது. அதைக் கொடுத்த கையெழுத்து யங்குடையது. பழியைப் பங்கு போட்டால் இருவருக்கும் உண்டு.

யூனியன்கள் அதிகமாகக் கேட்டுக் கேட்டுத்தான் கம்பெனிகள் நொடித்தனவா?

கொஞ்சம் உண்மை. 1950-ல் ஜெனரல் மோட்டார்ஸும் வாகனத் தொழிலாளர் சங்கமும் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டன. ஊதிய உயர்வு, பென்ஷன், மருத்துவச் செலவு எல்லாம் கம்பெனி கணக்கில் ஏறியது. சங்கத் தலைவர் வால்டர் ரூத்தருக்கு இவற்றை நாடு முழுவதற்குமான அரசுத் திட்டமாக்க ஆசை. வாஷிங்டனில் நடக்கவில்லை. ஆகவே கம்பெனியிடம் வாங்கினார். ஐம்பது ஆண்டு கழித்து, வேலை பார்ப்பவர்களைவிட ஓய்வு பெற்றவர்கள் பல மடங்கு ஆனபோது அந்தச் சுமை கம்பெனியின் கழுத்தை நெரித்தது. வேலை இல்லாதபோதும் சம்பளம் கிடைக்க வைத்த 1980-களின் ஏற்பாட்டைச் சங்கத்துக்காரர்களே பின்னால் வாதாடிக் காப்பாற்ற முடியாமல் கைவிட்டார்கள்.

ஆனால் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு பிளான்ட்டை 1982-ல் மூடியது. தொழிலாளர்கள் குடிக்கிறார்கள், வேலைக்கே வருவதில்லை என்று கெட்ட பெயர் வாங்கிய இடம். 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து திறந்தார்கள். அதே யூனியன், பெரும்பாலும் அதே ஆட்கள், நிர்வாகம் மட்டும் டொயோட்டாவுடையது. கொஞ்ச நாளிலேயே நாட்டின் தரமான பிளான்ட்களில் ஒன்றாகப் பெயர் எடுத்தது. ஆளைக் குறை சொன்னவர்கள் அப்புறம் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஜப்பான்காரர்கள் மீது பழி போட்டது எங்கே போய் முடிந்தது?

ஒரு கொலையில். 1982 ஜூனில் டெட்ராய்ட் வட்டாரத்தில் வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞரை, கார்த் தொழிலில் இருந்த இருவர் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். தங்கள் வேலைகள் போனதற்கு அவர் போன்றவர்கள்தான் காரணம் என்று அவர்களில் ஒருவர் கத்தியதாகச் சாட்சி சொன்னார்கள். சின் ஜப்பானியரே அல்ல, சீன வம்சாவளி அமெரிக்கர். நான்கு நாளில் இறந்தார். கொன்றவர்களுக்கு மிச்சிகன் நீதிமன்றம் கொடுத்தது மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். ஒரு நாள்கூடச் சிறை இல்லை.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பதை இதைவிடக் கொடூரமாகச் சொல்ல முடியாது. அந்த ஆண்டுகளில் ஜப்பான் காரை மேடையில் வைத்துச் சம்மட்டியால் அடிப்பது ஒரு பொழுதுபோக்கு. அரசியல்வாதிகளும் அந்தக் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கொள்கை என்ன செய்தது? ரீகன் அரசின் நெருக்கடியால் ஜப்பான் 1981-ல் தன் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களாகக் குறைத்துக்கொண்டது. அதே ஆண்டுகளில் ஜப்பான் கம்பெனிகள் அமெரிக்காவுக்குள்ளேயே பிளான்ட் போட்டன. ஹோண்டா 1982-ல் ஒஹையோவில், நிஸான் 1983-ல் டென்னஸியில், டொயோட்டா 1988-ல் கென்டக்கியில் வாகன உற்பத்தியைத் தொடங்கின. டெட்ராய்ட்டைக் காப்பாற்றப் போட்ட வேலி, அமெரிக்க வேலைகளே டெட்ராய்ட்டிலிருந்து தெற்கே போகவும் கைகொடுத்தது.

நாஃப்டா? சீனா?

அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ மூன்றும் போட்ட வர்த்தக ஒப்பந்தமான நாஃப்டா 1994 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 1990-லேயே பத்தேகால் லட்சமாகச் சுருங்கியிருந்தது. ஆகவே நகரத்தின் வீழ்ச்சிக்கு நாஃப்டா தொடக்கம் அல்ல. ஆனால் புறநகர்களில் இருந்த உதிரிபாகக் கம்பெனிகளைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். மெக்ஸிகோவுக்குப் போன உற்பத்தி லைன்கள் கற்பனை அல்ல. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2000-ல் சுமார் 1.73 கோடியாக இருந்த அமெரிக்க உற்பத்தித் துறை வேலைகள், 2010 தொடக்கத்தில் 1.15 கோடிக்கு வந்தன. நகரம் மட்டுமல்ல, முழு வட்டாரமும் தள்ளாடியது அந்தப் பத்தாண்டில்தான்.

இதில் கட்சிப் பழி போடுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நாஃப்டாவைப் பேசி முடித்துக் கையெழுத்திட்டவர் அப்பா புஷ், குடியரசுக் கட்சி. சட்டமாக்கியவர் கிளின்டன், ஜனநாயகக் கட்சி. பிரதிநிதிகள் சபையில் ஆதரித்த 234 பேரில் 132 பேர் குடியரசுக் கட்சியினர், 102 பேர் ஜனநாயகக் கட்சியினர். 2000-ல் சீனாவுக்கு நிரந்தர வர்த்தக அந்தஸ்து கொடுத்தபோதும் இரண்டு கட்சிகளும் சேர்ந்துதான் கை தூக்கின. மேடையில் ஒருவரையொருவர் கைகாட்டுகிறவர்கள், ஓட்டுப்போட்ட அன்று ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

ரோபோக்கள்?

நிச்சயமாக உண்டு. ஒரு காரைக் கட்ட முன்பு தேவைப்பட்ட ஆட்களில் ஒரு பகுதி இப்போது போதும். ஆனால் ரோபோவை எதிர்த்து யாரும் தேர்தலில் நிற்க முடியாது, அதனால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது.

மேயர் க்வாமி கில்பாட்ரிக்கின் ஊழல்தானே நகரத்தைத் திவாலாக்கியது?

2002-லிருந்து 2008 வரை மேயர். 2013-ல் ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி 28 ஆண்டு சிறை. 2021 ஜனவரியில் டிரம்ப் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார். அவர் செய்தது சாதாரணத் தவறு அல்ல. ஆனால் ஊழலில் போன பணம், மொத்தக் கடனில் சிறு துளி. அவர் காலத்தில் ஊரை உண்மையில் அழுத்தியது 2005-ல் பென்ஷன் நிதிக்காக வாங்கிய சுமார் 144 கோடி டாலர் கடன். அதோடு வட்டி விகிதத்தை வைத்து வங்கிகளோடு போட்ட ஒப்பந்தங்களும் சேர்ந்தன. 2008-ல் வட்டி சரிந்தபோது அந்தப் பந்தயம் நகரத்துக்கு எதிராகத் திரும்பியது.

மாநிலத்துக்கும் பங்கு இருக்கிறது. நகரங்களுக்குப் பிரித்துத் தரும் வரிப் பங்கை மிச்சிகன் அந்த ஆண்டுகளில் தொடர்ந்து குறைத்தது. பணமில்லாமல் தவிக்கும் நகரங்களை நடத்த மாநிலம் நியமிக்கும் நெருக்கடி நிர்வாகிகளுக்கு அதிக அதிகாரம் கொடுத்த சட்டத்தை 2012 நவம்பரில் மக்கள் ஓட்டுப்போட்டு நிராகரித்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது, இம்முறை மக்கள் வாக்கெடுப்புக்கு வழியில்லாதபடி நிதி ஒதுக்கீட்டையும் அதில் சேர்த்துவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் நெருக்கடி நிர்வாகி கெவின் ஓர் நகரத்தின் பொறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு திவால் மனு கொடுத்தார். முடிவில், போலீஸ், தீயணைப்புத் துறைகளில் இல்லாத நகர ஓய்வூதியர்களுக்கு மாத பென்ஷனில் 4.5 சதவீதம் வெட்டு, விலைவாசிக்கேற்ற உயர்வும் ரத்து. தவறு செய்தவர்கள் பட்டியலில் எங்கும் இல்லாத ஆட்கள் அவர்கள்.

முடிவெடுத்த கம்பெனி நிர்வாகங்கள் ஏன் இந்தச் சண்டையில் வருவதே இல்லை?

மேயரைத் தோற்கடிக்கலாம், இயக்குநர் குழுவைத் தோற்கடிக்க முடியாது. 1986 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே அறிவிப்பில் 11 பிளான்ட்களை மூடுவதாகச் சொன்னது, ஏறக்குறைய 29,000 வேலைகள். அந்த முடிவை எடுத்தவர்கள் யாரும் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரவில்லை. கோபம் இருப்பவருக்கு அதை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். வாக்குச்சாவடி திறந்திருக்கிறது.

டெட்ராய்ட்டுக்கு வடக்கே மக்கோம் கவுண்டியில் இதைக் காலகாலமாகப் பார்க்கலாம். கார்த் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த இடம். 1980-ல் ரீகனுக்குப் போட்டது, 2008-லும் 2012-லும் ஒபாமாவுக்குப் போட்டது, 2016-லிருந்து டிரம்புக்கு. 2016-ல் மிச்சிகன் மாநிலமே 10,704 ஓட்டில் முடிவானது. இப்படி ஒரு ஊர் இருக்கும்வரை எந்தக் கட்சியும் பழியைக் கீழே வைக்காது.

இப்போது டெட்ராய்ட் எழுந்துகொண்டிருக்கிறதே, அதற்கு யாருக்குப் பெருமை?

மறுபடி காலண்டரை எடுங்கள். 2023-ல் நகரத்தின் மக்கள்தொகை 1957-க்குப் பிறகு முதல் முறையாக உயர்ந்ததாகக் கணக்கெடுப்புத் துறையின் மதிப்பீடு சொன்னது. 2014-ல் பதவியேற்று அப்போது மேயராக இருந்த மைக் டகன் இதைத் தன் சாதனையாகச் சொன்னார். தெருவிளக்குகளை எரிய வைத்தது, இடிந்த வீடுகளை அகற்றியது எல்லாம் அவர் காலத்தில் நடந்த நல்ல வேலைகள். ஆனால் அடமானக் கடன் நிறுவனம் ஒன்றின் முதலாளி டான் கில்பர்ட் தன் ஊழியர்களை நகர மையத்துக்குக் கொண்டுவரத் தொடங்கியது 2010-ல். கார்க் கம்பெனிகளுக்கு உயிர் கொடுத்த கடன்களை 2008 டிசம்பரில் தொடங்கியவர் மகன் புஷ், 2009-ல் முடித்தவர் ஒபாமா. நகரத்தின் கடனில் சுமார் 700 கோடி டாலரை 2014 இறுதியில் தள்ளுபடியாக்கியது திவால் நீதிமன்றம்.

அந்த 2023 உயர்வு எவ்வளவு என்று கேட்டால், இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. பெருமை கேட்டு வரிசையில் நிற்பவர்களோ ஏற்கெனவே நாலைந்து பேர்.